பன்னிரண்டரை ஏக்கர் நூற்றறுபத்து நாலான கதை

பொறாமைப்பட ஆள் தேடி நான் வெளியூர் போனதில்லை. எங்கள் வீட்டு அடுக்களையிலேயே, எனக்கு அடுத்த அடுப்பில், என் கொழுந்தன் மனைவி மலர்விழி ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். ரசம் நன்றாக வேறு இருந்தது. (முதல் குற்றம் அதுதான்.)

எழுபதைத் தாண்டிய பிறகு இதையெல்லாம் ஒப்புக்கொள்வதில் வெட்கம் இல்லை. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் ஒரு கிராமம். மாமனாருக்குப் பன்னிரண்டரை ஏக்கர் நஞ்சை, பழைய கணக்கில் இரண்டு வேலிக்குக் கொஞ்சம் குறைச்சல். இரண்டு பிள்ளைகள். மூத்தவர் என் கணவர், டவுனில் உரக்கடை வைத்திருந்தார். இளையவருக்கு மின்சார ஆபீசில் வேலை. நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். சிரிக்காதீர்கள், எனக்கு முன்னால் அந்த வீட்டில் எந்தப் பெண்ணும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. மாமனாருக்கு வரும் கடிதத்தைப் படித்துக் காட்டுவது, பதில் எழுதுவது, பேப்பர் வாசிப்பது எல்லாம் நான்தான். நாலு வருடம் அந்த வீட்டுக்கு நான் கலெக்டர் மாதிரி இருந்தேன்.

அப்புறம் பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்புக்காரர் வீட்டிலிருந்து மலர்விழி வந்தாள். பி.எஸ்சி., பௌதிகம். ஒரே மாதத்தில் தபால்காரர்கூட வாசலில் நின்று, "சின்னம்மா இல்லீங்களா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். அப்படி இல்லை. 'அக்கா, அக்கா' என்று சுற்றிச் சுற்றி வந்தாள். கேட்காமலே தேங்காய் துருவித் தந்தாள். என் பெண்ணுக்குத் தலை பின்னிவிட்டாள். அவளைப் பற்றிக் குறை சொல்ல ஒரு விஷயம் கிடைக்காதா என்று நான் தேடாத இடம் இல்லை. கடைசியில், அவள் தும்மும்போது சத்தம் அதிகம் என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

அந்த வருடம் தை அறுவடை முடிந்து பத்தாயம் நிரம்பியிருந்தது. நெல் கொட்டி வைக்கிற அந்த மரப்பெட்டி எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். மாமனார் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டே, இதில் எத்தனை நெல் இருக்கும் என்று சும்மா கேட்டார். நூறு கலம் என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். கலம் அவருக்கே தெரியும், நெல்மணி எத்தனை என்றுதான் கேட்டாராம். மலர்விழி ஒரு ஆழாக்கு நெல்லை எடுத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தாள்.

சாயங்காலம் விடை வந்தது. மரக்காலுக்குச் சுமார் ஒரு லட்சம் மணி. கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால். நூறு கலத்துக்குப் பன்னிரண்டு கோடி. அதோடு விட்டிருக்கலாம். சாக்கட்டியை எடுத்துப் பத்தாயத்தின் கதவில் 1.2 × 10⁸ என்று எழுதினாள்.

இது என்ன, பத்துக்குத் தலையில் கொண்டை போட்ட மாதிரி இருக்கிறதே என்று மாமனார் கேட்டார். சைபரை வரிசையாக எழுதிக்கொண்டே போனால் எழுதுகிறவருக்கும் குழப்பம், படிக்கிறவருக்கும் குழப்பம். ஒன்றைப் பத்தால் எத்தனை தடவை பெருக்க வேண்டுமோ அந்த எண்ணிக்கையைச் சின்னதாகப் பத்தின் தலைக்கு மேல் வைத்துவிட்டால் போதும் என்றாள் அவள். ரொம்பச் சின்னதாக இருந்தால்? அதற்கும் வழி இருந்தது. தலையில் ஒரு மைனஸ் போட்டால், பெருக்குவதற்குப் பதில் வகுத்துக்கொண்டே போக வேண்டுமாம். அணுவின் எடையைக்கூட ஒரு வரியில் எழுதலாமாம்.

அதற்குப் பிறகு யார் வீட்டுக்கு வந்தாலும் மாமனார் அவர்களைப் பத்தாயத்துக்கு முன்னால் நிறுத்தி, "எங்க சின்ன மருமக போட்டது" என்று காட்டினார். நாலு வருடமாக நான் எழுதிய கடிதங்களில் ஒன்றைக்கூட யாரும் எந்தக் கதவிலும் ஒட்டியதில்லை.

மறுநாளிலிருந்து, மத்தியானம் வீடே கண்ணயர்ந்த நேரத்தில், அவளுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்து காலேஜ் நோட்டை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். (திருட்டு இல்லை. பெட்டிக்குப் பூட்டு கிடையாது.) சூரியன் எத்தனை கிலோமீட்டர், ஹைட்ரஜன் அணு எத்தனை கிலோ என்றெல்லாம் இருந்தது. சூரியன் எங்கே இருந்தால் எனக்கு என்ன. எழுதுகிற முறை மட்டும் எனக்கு வேண்டும். புள்ளியை நகர்த்தி முதல் எண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வை. எத்தனை இடம் நகர்ந்ததோ அதைப் பத்தின் தலையில் எழுது. இடது பக்கம் நகர்ந்தால் சும்மா, வலது பக்கம் நகர்ந்தால் மைனஸ். இவ்வளவுதான். ஏன் அப்படி என்கிற விளக்கம் அடுத்த பக்கத்தில் இருந்தது. நான் புரட்டவில்லை.

இரண்டு வாரத்தில் தேறிவிட்டேன். சலவைக்குப் போட்ட வேட்டி 1.1 × 10¹. வாங்கிய கத்தரிக்காய் ஏழு என்றால் 7 × 10⁰. சைபரைத் தூக்கிப் பத்தின் தலையில் வைத்த அன்று நான் தரையில் நடக்கவில்லை. இதை யாருக்காவது காட்ட வேண்டும். ஆனால் கத்தரிக்காயை வைத்துக்கொண்டு யாரிடம் காட்டுவது?

சந்தர்ப்பத்தைச் சர்க்கார் ஏற்படுத்திக் கொடுத்தது.

அந்த வருடங்களில் எங்கள் பக்கத்தில் நிலம் என்ற சொல்லை யாரும் சாதாரணமாக உச்சரிக்க முடியாது. உச்சவரம்பை முப்பது ஏக்கரிலிருந்து பதினைந்தாகக் குறைத்திருந்தார்கள். பெரிய பண்ணைகள் மிச்ச நிலத்தைச் சமையல்காரர் பெயரிலும் கார் டிரைவர் பெயரிலும் எழுதி வைத்திருப்பதாகப் பேச்சு. கூலி கேட்டும் நிலம் கேட்டும் வரப்புகளில் செங்கொடி பறந்தது. அறுப்பு நடக்கிற வயலுக்குப் பக்கத்தில் போலீஸ் வேன் நின்றது. என் மாமனார் மட்டும் நிமிர்ந்து நடந்தார். பதினைந்துக்குள்தான் இருக்கிறோம், மறைக்க நம்மிடம் என்ன இருக்கிறது என்பார். அவர் நாணயத்தில் ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

பத்து ஏக்கருக்கு மேல் வைத்திருக்கிற எல்லோரும் நில விவரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது. மலர்விழி அப்போது பிரசவத்துக்குப் பட்டுக்கோட்டை போயிருந்தாள். மாமனாருக்கு இரண்டு கண்ணிலும் புரை. என்னைக் கூப்பிட்டார்.

"மலர் இருந்தா ஒரு நிமிஷத்துல எழுதிடும். பரவால்ல, நீ எழுதும்மா."

அந்த 'பரவால்ல' என் காதில் இன்னும் இருக்கிறது. பேனாவில் மை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். நஞ்சை பன்னிரண்டரை ஏக்கர் என்று அவர் சொல்ல, நான் எழுதினேன்: 1.25 × 10¹ ஏக்கர். களம் நாலு சென்ட் என்றார். நூறு சென்ட் ஒரு ஏக்கர், அதனால் 4 × 10⁻² ஏக்கர். கடைசியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டேன். இதைப் படிக்கிற அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து, யார் இந்தக் கிராமத்துப் பெண் என்று ஆபீசையே கூட்டி விசாரிக்கிற காட்சிவரை எனக்குத் தெரிந்தது. (விசாரித்தார். வேறு விதமாக.)

டைப் அடித்து இரண்டு பிரதியாகத் தர வேண்டும் என்றிருந்ததால் என் கணவர் அதை டவுனில் ஒரு டைப்பிஸ்ட்டிடம் கொடுத்தார். மேலே தொங்குகிற சின்ன எண்கள் என்ன என்று அந்த மனிதர் கேட்டிருக்கிறார். என் சம்சாரம் எழுதினது, இருக்கிறபடியே அடிங்க என்று இவர் சொல்லியிருக்கிறார். என்னை இவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஒரே தடவை அதுதான். டைப்பிஸ்ட் மெஷினில் சின்ன எண் கிடையாது. மேலே தொங்கியதைப் பத்திரமாகக் கீழே இறக்கி, மற்றதோடு ஒரே வரிசையில் உட்கார வைத்தார். 1.25 x 101 ஏக்கர். 4 x 10-2 ஏக்கர். மாமனார் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஆபீஸ் குமாஸ்தா நேர்மையானவர். எழுதியிருந்தபடியே பெருக்கினார். ஒன்றேகால் பெருக்கல் நூற்றியொன்று, நூற்றிருபத்தாறேகால். நாலு பெருக்கல் பத்து நாற்பது, அதில் இரண்டைக் கழித்தால் முப்பத்தெட்டு. ஆக நஞ்சை நூற்றிருபத்தாறேகால் ஏக்கர், நெல் அடிக்கிற களம் மட்டும் முப்பத்தெட்டு ஏக்கர். மொத்தம் நூற்றறுபத்து நாலேகால். பதினைந்து போக, சர்க்கார் எடுத்துக்கொள்ள வேண்டிய உபரி நூற்று நாற்பத்தொன்பதேகால் ஏக்கர்.

எங்களுக்கு நோட்டீஸ் வருவதற்கு முன்பே ஊருக்குச் செய்தி வந்துவிட்டது. ஒருநாள் காலையில் நான் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் நாற்பது பேர் கொடியோடு வந்து நின்றார்கள். முன்னால் நின்றவர் வடிவேலு. விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு எங்கள் ஊரில் அவர்தான் தலைவர். எங்கள் வயலில் அறுப்பு அறுத்தவரும் அவர்தான். கோஷம் எதுவும் போடவில்லை. அவர் முகத்தில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகமாக இருந்தது.

"நூத்தறுபத்து நாலு ஏக்கர்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்களாம். எங்களுக்குத் தெரிஞ்சு பன்னெண்டரைதான். மிச்சம் யார் பேர்ல இருக்குங்கய்யா?"

மாமனார் சிரித்தார். பிறகு அவர்கள் யாரும் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்தினார். எந்தப் பயல் சொன்னது என்று கேட்டார். நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க என்றார் வடிவேலு. நிமிர்ந்தே பழகிய மனிதர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

கூட்டத்தில் அஞ்சம்மாள் இருந்தாள். எங்கள் வயலில் வருடா வருடம் நாற்று நடுகிறவள். அவள் மட்டும் என் பக்கத்தில் வந்து, மெதுவாக, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரி கேட்டாள்.

"ஏம்மா, அந்த நெலம் எந்தப் பக்கம் இருக்கு? ஆத்துக்கு அந்தண்டையா?"

எனக்குத் தெரியாது என்றேன். அது பொய் இல்லை.

நோட்டீஸ் அன்று மத்தியானமே வந்தது. படித்துக் காட்டச் சொன்னதும் என்னைத்தான். '1.25 x 101' என்கிற இடத்துக்கு வந்ததும் விரலை வைத்து மறுபடி படித்தேன். அந்த ஒன்று என் ஒன்று. தலையில் இருந்தது, தரைக்கு வந்திருந்தது. ஏதோ டைப்பிங் தப்பு, நானே ஆபீசுக்கு வந்து விளக்குகிறேன் என்றேன். மலருக்குத் தந்தி அடிக்கலாமா என்று என் கணவர் கேட்டார். கைக்குழந்தைக்காரியை எதற்கு அலைக்கழிக்க வேண்டும் என்று ரொம்பக் கருணையோடு மறுத்தேன். மாமனார் நிலம் போனாலும் போகட்டும், அவள் வந்து மீட்டுக் கொடுக்கக் கூடாது. என் மனசு அன்று அப்படித்தான் இருந்தது. இதை எழுதும்போதுகூடக் கொஞ்சம் அப்படித்தான் இருக்கிறது.

விசாரணைக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். வடிவேலுவும் சங்கத்துக்காரர்கள் நாலு பேரும் வந்து பின்பக்கம் நின்றார்கள். அதிகாரி நடுத்தர வயது, களைத்த முகம், மரியாதையானவர். இதை எழுதியது யார் என்று கேட்டார். நான் எழுந்தேன்.

"இது நூத்தியொண்ணு இல்லைங்க சார். பத்துக்கு மேல ஒண்ணு."

"பத்துக்கு மேல ஒண்ணுன்னா பதினொண்ணுதானேம்மா?"

"இல்லைங்க சார். மேல."

அவர் பேனாவை எடுத்து ஒன்றேகாலைப் பதினொன்றால் பெருக்கினார். பதின்மூன்றே முக்கால். நூற்றிருபத்தாறு பதின்மூன்றே முக்காலுக்கு இறங்கியதில் என் கணவருக்கு உயிர் வந்தது. மேலே சொல்லும்மா என்று என்னை இடித்தார். களத்துக்கு வந்தோம். அது பத்துக்கு மேலே மைனஸ் இரண்டு என்றேன். பத்தில் இரண்டு போனால் எட்டு, நாலெட்டு முப்பத்திரண்டு என்று அதிகாரி எழுதினார். முப்பத்திரண்டு ஏக்கரில் களம் எதற்கு என்று குமாஸ்தா நியாயமாகவே கேட்டார். புள்ளியை வலது பக்கம் நகர்த்தினால் மைனஸ் போட வேண்டும் என்றேன். ஏன் என்றார் அதிகாரி.

ஏன் என்பது எனக்குத் தெரியாது. நான் படிக்காத பக்கத்தில் இருந்தது. ஆபீசில் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அது அப்படித்தாங்க சார்" என்றேன்.

வாசலில் ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. அந்த ஊரில் ஆயிரம் குழந்தைகள் அழலாம், ஆனால் இது யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் கணவர் எனக்குத் தெரியாமல் தந்தி அடித்திருந்தார். இரண்டு மாதக் குழந்தையோடு, தம்பி துணைக்கு வர, பட்டுக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள் மலர்விழி. குழந்தையை என் கையில் கொடுத்தாள். (வாங்கியதும் அது அழுகையை நிறுத்தியது. ஆதாயம் என்று அன்று எனக்கு இருந்தது அது ஒன்றுதான்.) அதிகாரியிடம் காகிதம் வாங்கி, பத்து, நூறு, ஆயிரம் என்று கீழே கீழே எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் எத்தனை சைபர் என்று போட்டாள். பிறகு அதே ஏணியில் மறுபடி மேலே ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் பத்தால் வகுபடுகிறது. ஆயிரம், நூறு, பத்து, ஒன்று. அதோடு நிற்க வேண்டும் என்று என்ன இருக்கிறது, இன்னும் ஏறினால் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று. அதைத்தான் மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு என்கிறோம். நூறில் நாலு ஏக்கர் என்றால் நாலு சென்ட்.

இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. எனக்கே அன்றுதான் புரிந்தது.

அதிகாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. தன் பெண் பத்தாவது படிப்பதாகவும், இந்தப் பாடத்தில் அவள் கேட்கிற சந்தேகத்துக்குத் தன்னால் பதில் சொல்ல முடியவில்லை என்றும் சொன்னார். டீ வரவழைத்தார். எங்களுக்குக் கிளாசில் வந்தது. அவளுக்குக் கப்பு சாசரில்.

எழுதியவர்கள் ஏன் இப்படித் தப்பாக எழுதினார்கள் என்று அவர் கேட்டபோது, மலர்விழி என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அக்கா எழுதினது சரிதாங்க சார். டைப் அடிச்சதுலதான் தப்பு."

என்னைத் திட்டியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு பத்து வருடம் ஓட்டியிருப்பேன். அந்த வழியையும் அடைத்துவிட்டாள்.

எல்லோரும் எழுந்தபோது வடிவேலு மட்டும் நகரவில்லை.

"ஆக, நூத்தம்பது ஏக்கர் இல்லவே இல்லீங்களா?"

இல்லை என்றார் அதிகாரி. வடிவேலுவின் கையில் ஒரு காகிதம் இருந்தது. அறுபது குடும்பத்தின் பெயர்கள், ஆளுக்கு இரண்டரை ஏக்கர் வீதம், பெயருக்கு நேரே எழுதியிருந்தது. அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மலர்விழி வந்த மூன்று வருடத்தில் முதல் தடவையாக, அவள் பக்கத்தில் நிற்கும்போதே அவளைப் பற்றிய நினைப்பு எனக்கு இல்லாமல் போனது. ஆற்றுக்கு அந்தப் பக்கமா என்று அஞ்சம்மாள் கேட்டது மட்டும்தான் மனசில் ஓடியது. ஒருத்தியின் மூக்கை உடைக்க நான் எழுதிய இரண்டு வரி, அறுபது வீட்டில் அடுப்பங்கரைப் பேச்சாகியிருக்கிறது.

வடிவேலு கடைசியாக ஒன்று கேட்டார். எல்லாம் காகிதத்தில்தானே பேசுகிறோம், ஒருதரம் அளந்து பார்த்துவிடலாமே என்றார். அளக்கட்டும், எனக்கென்ன என்று மாமனார் பழைய நிமிர்வோடு சொன்னார்.

சர்வேயர் சங்கிலியோடு வந்தார். நஞ்சை பன்னிரண்டரை, இம்மி பிசகவில்லை. களம் நாலு சென்ட், அதுவும் சரி. ஆனால் களத்தை ஒட்டி எங்கள் வேலிக்குள் வைக்கோல்போரும் மாட்டுக்கொட்டகையும் ஐந்து தென்னையும் நின்ற இடம் பதினெட்டு சென்ட், சர்க்கார் புறம்போக்கு. மாமனாருக்கே அது தெரியாது. அவருடைய அப்பா காலத்தில் வேலி எப்போதோ நகர்ந்திருக்கிறது. அவர் மறுநாளே கொட்டகையைப் பிரிக்கச் சொன்னார். அந்தப் பதினெட்டு சென்ட்டை ஆறு குடும்பத்துக்கு மூன்று மூன்று சென்ட்டாக மனைப்பட்டா கொடுத்தார்கள். முதல் வீடு அஞ்சம்மாளுடையது. நூற்று நாற்பத்தொன்பதேகால் ஏக்கர் கடைசியில் 1.8 × 10⁻¹ ஏக்கராக வந்து நின்றது.

மாமனார் அதற்குப் பிறகும் கடிதம் எழுத என்னைக் கூப்பிட்டார். எழுதி முடித்ததும், "பத்துக்கு மேல ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அவர் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் கேள்வியை என் கணவர் எடுத்துக்கொண்டார். இப்போது என் பேரன் செல்போனில் கேட்கிறான்.

அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது வேறு. அந்த ஆறு வீடும் தெருவாகி, ஆறு அறுபதாகி, பஞ்சாயத்தில் ஒரு தலைவர் பெயரைப் பலகையில் எழுதி நட்டார்கள். யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. விசாரணைக்கு வந்த நாலு பேரும் பார்த்தது, ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து காகிதத்தில் ஏதோ கணக்குப் போட்டதும் மறுவாரமே சர்வேயர் வந்ததும்தான். அவள்தான் அந்த இடத்தைக் கணக்கிலேயே கண்டுபிடித்தாள் என்று ஊரில் முடிவாகிவிட்டது. அக்காவால்தான் வந்தது, நான் ஒன்றும் செய்யவில்லை என்று மலர்விழி சொல்லாத ஆள் இல்லை. எத்தனை பெரிய மனசு என்று அதற்கும் அவளைத்தான் புகழ்ந்தார்கள். தெருவுக்கு மலர்விழி தெரு என்றே பெயர் நிலைத்துவிட்டது.

எங்கள் வீடு அதற்கு நேர் எதிரில். ஐம்பது வருடமாக, யாருக்குக் கடிதம் எழுதினாலும், எந்த ஆட்டோக்காரருக்கு வழி சொன்னாலும், கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தாலும், என் விலாசத்தை நான் அவள் பெயரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.